மூடியை நான் திறக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மன்னிப்பு எதுவும் கிடையாது.

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலாவது கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எது நடந்தாலும், ஆரத்தித் தட்டு வெளியே வரும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கதையை ஆரம்பிப்பார். அந்தக் கதையில் நான், கொதித்துக்கொண்டிருந்த ஒரு வேனின் ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து, திண்டிவனத்தில் ஒரு பெரிய மனிதரின் வெள்ளை வேட்டியைச் சிவப்பாக்கியவள். வேட்டி சிவப்பானது உண்மை. மூடியை நான் திறக்கவில்லை. இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காததற்குப் பொறுமை காரணம் இல்லை. ஒவ்வொரு முறையும் என் தரப்பைச் சொல்ல ஆரம்பிக்கும்போது பந்திக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எழுத்துக்குப் பந்தி கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

வேன் என் மாமாவுடையது. ராஜவேலு மாமா, அம்மாவின் தம்பி. எவர்சில்வர் பாத்திர வியாபாரம். அவருக்குக் கடை கிடையாது, சந்தைதான் கடை. ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்கிக் கட்டுப்படியாகாமல், கண் சிகிச்சை முகாம்களுக்கு ஓடி ஓய்ந்துபோன ஒரு டீசல் வேனை ஏலத்தில் எடுத்தார். உள்ளே நோயாளிகளைப் படுக்கவைக்கும் இரண்டு பலகை, கை கழுவும் தொட்டி, கூரைமேல் தண்ணீர் டாங்கி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பூங்காவனம் அத்தை ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் முருகன் படத்தையும் கொண்டுவந்து வைத்தார். குடித்தனம் தொடங்கிவிட்டது. மயிலம் பங்குனி உத்திரமா, பிரம்மதேசத்துத் திருவிழாவா, எங்கே கூட்டமோ அங்கே வீடே போய் நிற்கும். விழுப்புரத்தில் எல்லோரும் அதை வீட்டு வண்டி என்றுதான் சொல்வார்கள்.

வண்டியின் பக்கவாட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைந்திருந்தார்கள். மாமா அதன்மேல் நீலப் பெயின்ட் அடித்தார். இரண்டு மழைக்குப் பிறகு கண் மறுபடியும் வெளியே வந்து பார்த்தது. இன்னொரு கோட்டிங் அடித்தார். அதுவும் கரைந்தது. அப்புறம் விட்டுவிட்டார். (ஊர்க் கண் எல்லாம் இந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்பது அத்தையின் கருத்து.)

இன்ஜின் நல்ல இன்ஜின். அதைக் குளிரவைக்கும் ஏற்பாடுதான் நாசமாகியிருந்தது. எந்த பஸ்ஸும் விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் திண்டிவனத்துக்கு வீட்டு வண்டி அரை நாள் எடுத்துக்கொள்ளும். விக்கிரவாண்டியில் ஒரு தடவை கொதிக்கும். கூட்டேரிப்பட்டில் ஒரு தடவை கொதிக்கும். இரண்டு இடத்திலும் ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இதற்கு மாமா செய்துவந்த வைத்தியம் மஞ்சள். ஒருமுறை ரேடியேட்டர் ஒழுகியபோது, வழியில் ஒரு லாரி டிரைவர் ஒரு கை மஞ்சள் தூளை உள்ளே போடச் சொன்னாராம். தூள் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டு ஒழுகல் நின்றதாம். நிற்கும், இல்லை என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு எல்லா லாரிக்காரர்களும் செய்வதுதான். ஆனால் அவசரத்தோடு அது முடிந்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குக் கற்பூரம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ரேடியேட்டருக்கு ஒரு ஸ்பூன் மஞ்சள். வருஷக்கணக்காக. மருந்து எப்போது பிரசாதமாக மாறியது என்று யாருக்கும் தெரியாது.

போதாததற்கு, வண்டி கொதிப்பதில் அத்தைக்கு லாபமும் இருந்தது. விக்கிரவாண்டியில் வண்டி நின்று ஆவி கிளம்பினால் போதும், தெருப் பெண்கள் வந்துவிடுவார்கள். தண்ணீர்க் குடம் கொண்டுவரும் பெண் போகும்போது டிபன் பாக்ஸோடு போவாள். “சந்தையில விக்காதது எல்லாம் ரோட்டுல வித்துடும்மா” என்று அத்தை என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் யார்மேலும் பழி போடவில்லை. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது நான். மெக்கானிக்கலில் டிப்ளமோ, வகுப்பிலேயே ஒரே பெண். படித்து முடித்த பிறகு எங்கே விண்ணப்பம் போட்டாலும், பெயரைப் பார்த்துவிட்டுத் தவறாக அனுப்பிவிட்டேனோ என்பதுபோல் பதில் வரும். அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் இருந்தார். நீராவி இன்ஜின்கள் அங்கே இன்னும் புகை விட்டுக்கொண்டிருந்த காலம். நான் கெட்டிக்காரி என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் இல்லை. கெட்டிக்காரப் பெண் டைப்ரைட்டிங் படித்தால் இன்னும் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்பது அவர் முடிவு.

மாமாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு பஸ் முதலாளியைத் தெரியும். சொந்தமாக ஷெட் வைத்து, தன் பஸ்களைத் தானே பழுதுபார்த்து ஓட்டுகிறவர். என்னைப் பற்றி மாமா சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னாராம். வழியெல்லாம் கொதிக்கும் அந்த வீட்டு வண்டியை அந்தப் பெண் சரிசெய்து, விழுப்புரத்திலிருந்து என் ஷெட்டுக்குள் எங்கேயும் நிற்காமல் கொண்டுவந்து விடட்டும், அடுத்த நாளே வேலை.

நான் உடனே சரி என்றேன். அப்பா அவ்வளவு உடனே சொல்லவில்லை.

“நம்ம ஜங்ஷன்ல ரயில் இன்ஜினே தண்ணி குடிச்சுட்டுத்தாம்மா போகுது. இது குடிக்காம போயிடுமா?”

“போகும்பா.”

“சரி. நானும் கூட வர்றேன். வழியில ஒரு தடவை நின்னாலும் திங்கக்கிழமை டைப்ரைட்டிங் கிளாஸ்ல சேர்ற.”

இதுதான் பந்தயம். ஒரு பக்கம் ஷெட், ஒரு பக்கம் டைப்ரைட்டிங் கிளாஸ். நடுவில் மஞ்சள்.

நான் எதையும் முறையாகச் செய்கிறவள். (வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.) முதலில் பழைய மூடியைக் கழற்றினேன். அது மூடியே இல்லை. செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டிக் கம்பி போட்டு இறுக்கியிருந்தது. ஸ்பிரிங் வைத்த புது மூடி வாங்கினேன். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது, இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, ரப்பர் குழாய்கள் மேலும் கீழும் புதுசு. மூன்றாவது, விசிறியின் பெல்ட் என் பாட்டுக்குத் தொங்குகிறேன் என்று இருந்தது, இழுத்துக் கட்டினேன். நான்காவது, வருஷக்கணக்கில் செத்துக் கிடந்த சூடு காட்டும் முள்ளுக்கு உயிர் கொடுத்தேன். ஐந்தாவதுதான் அலசல்.

சூடான தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியில் திறந்துவிட்டேன். முதலில் சாம்பார் வந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, நிறம், கெட்டி, எல்லாம் சாம்பார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோட்டார் பம்புக் குழாயைச் செருகி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் அடித்தேன். ரசம் வந்தது. விடாமல் அடித்தேன். மோர் பதத்துக்கு வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

இங்கேதான் குடும்பத்தார் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டாமா? வேண்டும். கரண்ட் என் கையில் இல்லை. குடத்தில் ஊற்றி அலசலாமே? அலசலாம், ஆனால் வேகம் இருக்காது. இன்ஜினின் வயிற்றில் தேங்கியிருக்கும் தண்ணீரைத் திறந்துவிட ஒரு போல்ட் உண்டே? உண்டு, அது துருப்பிடித்து இன்ஜினோடு ஒன்றாகியிருந்தது, மாமா முழுப் பலத்தோடு ஸ்பேனரைத் திருப்பியதில் ஸ்பேனர்தான் வளைந்தது. ஆக, உள்ளே கொஞ்சம் சோடாத் தண்ணீர் தங்கிவிட்டது. கொஞ்சம் சோடா இன்ஜினைக் கொன்றுவிடாது. அதற்கு மேல் வேறு எதையும் யாரும் போடாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் காலை. ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று அம்மா. அத்தை கற்பூரத்தோடு வந்தார். நான் வண்டியின் முன்பக்கத்தில், ரேடியேட்டர் வாயின் சின்னக் கதவுக்கு எதிரே, காவல் நின்றேன். இனிமேல் இதற்கு மஞ்சள் கிடையாது, சுத்தமான தண்ணீர் மட்டும்தான் என்று ஏன் எதற்கு என்பதோடு விளக்கினேன். மஞ்சள்தான் குழாய்களை அடைக்கிறது, அடைப்பால்தான் கொதிக்கிறது என்றேன். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீ படிச்ச பொண்ணு கண்ணு, நீ சொன்னா சரிதான்” என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தை அதற்கு முன்னால் எதற்கும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். முதலாளியைப் பார்க்கப் போகிறவள் கிரீஸ் கையோடு போகக்கூடாதாம், பட்டுப்புடவை கட்ட வேண்டுமாம். ரேடியேட்டருக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்டேன். பட்டுப்புடவையோடு திரும்பி வந்தேன். காவல் இல்லாமல் கதவு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வண்டி கிளம்பியது. பாத்திரங்கள் உள்ளே ஜல்ஜல் என்று அடிக்க, மாமா ஓட்ட, நான் முன்னால் முள்ளைப் பார்த்துக்கொண்டு, அப்பா பின்னால் பலகையில், அத்தை அவித்த மல்லாட்டையோடு (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) எதிர்ப் பலகையில். முள் நடுவில் வந்து நின்றது. அசையவில்லை. விக்கிரவாண்டி வந்தது. ரோட்டோரத்தில் இரண்டு பெண்கள் வழக்கம்போலத் தண்ணீர்க் குடத்தோடு எழுந்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பின்னால் அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாளைக்கு வர்றோம் என்று கத்தினார்.

கூட்டேரிப்பட்டும் போயிற்று. அப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று முள்ளை எட்டிப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிய விதம் எனக்குத் தெரியும். சரியான நேரத்துக்கு வண்டி வந்தால் அப்படித்தான் ஆட்டுவார். என் வாழ்நாளில் அந்தக் கால் மணி நேரம்போல் நான் கர்வமாக உட்கார்ந்திருந்ததில்லை.

திண்டிவனத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

“நின்னுடுச்சு” என்றார் அப்பா.

“கேட் நிறுத்துச்சுப்பா. வண்டி நிக்கலை. இன்ஜின் ஓடிக்கினுதான் இருக்கு.”

அப்பா ரயில்வேக்காரர். கேட்டைக் குறை சொல்ல முடியாமல் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். ஆனால் ஓடும்போது முகத்தில் அடித்த காற்று இப்போது இல்லை. முள் நகர ஆரம்பித்தது. இது எனக்குப் புரியவில்லை. சுத்தமான ரேடியேட்டர், புது பெல்ட், இவ்வளவு சீக்கிரம் ஏறக்கூடாது. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆஃப் பண்ணட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆஃப் செய்தால் நின்றது நின்றதுதான், திங்கட்கிழமை டைப்ரைட்டிங். அத்தை மல்லாட்டைத் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டபடியே, யாரையும் பார்க்காமல், “ஒண்ணும் ஆவாது. எல்லாம் போட்டுத்தான் இருக்கு” என்றார்.

நான் மெதுவாகத் திரும்பினேன். “என்னா அத்தை போட்டிருக்கு?”

“நல்ல காரியத்துக்குப் போறோம். வெறும் பச்சைத் தண்ணியோடவா போவாங்க? நீதான் உள்ள இருந்ததெல்லாம் வழிச்சு ஊத்திட்டியே. அதான் ஒரு பாக்கெட் முழுசா.”

ரயில் போயிற்று. கேட் திறந்தது. எனக்கு மயக்கம் வரவில்லை, நான் அந்த மாதிரி இல்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. போய்க்கினே இருங்க மாமா என்று மட்டும் சொன்னேன்.

ஷெட் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. முதலாளி அன்றைக்கு ஒரு புது பஸ் இறக்கியிருந்தார். பளபளவென்று நின்ற பஸ்ஸுக்கு மாலை போட்டு, அய்யர் மந்திரம் சொல்லி முடித்து, தூக்கிய பூசணிக்காயோடு ஒருவர் தயாராக நின்றார். முதலாளி புது வேட்டி சட்டையில் பஸ்ஸின் முகத்துக்கு முன்னால் நின்றிருந்தார். மாமா நேராக உள்ளே கொண்டுபோய், புது பஸ்ஸுக்கு எதிரே, முகத்துக்கு முகம் நிறுத்தி, ஆஃப் செய்தார். வந்து சேர்ந்துவிட்டோம்.

முதலாளி ஆச்சரியத்தோடு எங்களைப் பார்த்தார். நான் இறங்கினேன். எங்கேயும் நிற்கவில்லை என்று சொன்னேன்.

“அப்படியா. மூடியைத் தெறம்மா, தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்கலாம்.”

“சூடா இருக்கும்போது திறக்கக் கூடாதுங்க. ஆறட்டும்.”

இதை நான் சொன்னேன். ஷெட்டே கேட்டது. ஆனால் கதை சொல்கிறவர்கள் ஒருவருக்கும் இது ஞாபகமில்லை.

இன்ஜினை நிறுத்திய உடனே விசிறியும் பம்பும் நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடு போக வழியில்லாமல் தண்ணீரில் ஏறும். புது மூடி தன் கடமையைச் செய்து அழுத்தத்தைப் பிடித்து வைத்தது. ரேடியேட்டரின் மேல்தொட்டியில் பற்றவைத்த இடம் ஒன்று, வருஷக்கணக்கில் மஞ்சளால் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அந்த மஞ்சளை நான் முந்தினநாள் சாம்பாராக வெளியேற்றியிருந்தேன். புதிதாகப் போட்ட பாக்கெட்டோ போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் குழாய்களில் கட்டிக்கொண்டு நின்றது. டப் என்று ஒரு சத்தம். வண்டியின் முகத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பி, மேலே எழுந்து, வளைந்து, புது பஸ்ஸின் கண்ணாடி, மாலை, முதலாளி, அய்யர், பூசணிக்காய் எல்லோர்மேலும் விழுந்தது. விழும்போது ஆறிப்போயிருந்ததால் யாருக்கும் சுடவில்லை.

ஆனால் அது சிவப்பாக இருந்தது. ரத்தச் சிவப்பு.

ஒருவர், யாரையோ அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். இரண்டு பேர் தரையில் படுத்து எங்கள் வண்டிக்கு அடியில் ஆளைத் தேடினார்கள். அங்கே கிடைத்தது சக்கர இடுக்கில் சிக்கியிருந்த எலுமிச்சம்பழத் தோல்தான். மாமா ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. பக்கவாட்டுக் கண் மட்டும் எல்லாவற்றையும் அகலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும் அது என்ன என்று. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், எல்லார் வீட்டிலும் ஆரத்தி அப்படித்தான் கரைக்கிறார்கள். சுண்ணாம்பு செய்வதைச் சலவைச் சோடாவும் செய்யும். வயிற்றில் என் சோடா, வாயில் அத்தையின் மஞ்சள். விழுப்புரத்திலிருந்து ஒரு ரேடியேட்டர் நிறைய ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். இதை விளக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை இறங்கி முன்னால் போய்விட்டார்.

“ஆரத்திங்க” என்றார். “புது பஸ்ஸுக்கு.”

முதலாளி தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். புது பஸ்ஸின் நெற்றியிலிருந்து சிவப்புத் தண்ணீர் அழகாக வழிந்துகொண்டிருந்தது. ஆரத்தி என்று ஒருத்தி சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? கோபப்பட்டால் அபசகுனம். துடைத்தாலும் அபசகுனம். அய்யரைப் பார்த்தார். அய்யர் தன் அங்கவஸ்திரத்தைப் பிழிந்துகொண்டே, தோஷம் ஒன்றுமில்லை என்றார்.

“ஏம்மா, இன்னா இது?” என்று முதலாளி என்னிடம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோடா, மஞ்சள், மூடி, பற்றவைத்த இடம். பட்டுப்புடவை முழுக்கச் சிவப்புப் புள்ளிகளோடு, நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். நான் செய்த ஒவ்வொன்றும் சரி என்றும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லுங்க. வண்டி வழியில நின்னுச்சா இல்லியா?”

அப்பாவுக்கு எவ்வளவு சுலபம். கேட்டில் நின்றது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குத் திங்கட்கிழமை டைப்ரைட்டிங். முகத்தில் தெறித்த சிவப்பைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, பார்சல் ஆபீஸ் குரலில் சொன்னார்.

“கேட்டுல சிக்னலுக்கு நின்னா அது நின்ன கணக்கு இல்லீங்க. உங்க பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தாச்சு. சேர்ந்தப்புறம் வெடிச்சா, அது உங்க ஸ்டேஷன் லிமிட்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொன்னார், ஒரே நிபந்தனையோடு. எந்த வண்டியின் ரேடியேட்டரையும் நான் தொடக்கூடாது. சரி என்று தலையாட்டினேன். அந்த வருஷக் கோடைக்குள் அவருடைய எல்லா பஸ்களின் ரேடியேட்டரையும் நான்தான் அலசினேன், தெளிந்த தண்ணீர் வரும்வரை. (ஷெட்டில் ஜெனரேட்டர் உண்டு.) எதுவும் கொதிக்கவில்லை, எதுவும் சிவக்கவில்லை. அதைப் பற்றிக் கல்யாண வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வீட்டு வண்டிக்குப் புது ரேடியேட்டர் போட்டோம். அது இப்போது எங்கேயும் கொதிப்பதில்லை. அப்படியும் அத்தை விக்கிரவாண்டியில் நிறுத்தச் சொல்கிறார், மாமாவும் நிறுத்துகிறார். டிபன் பாக்ஸ் போகிறது.

ஒன்று மட்டும் என்னை விட்டபாடில்லை. அன்றைக்கு இறக்கிய அந்த பஸ் இன்றுவரை பெரிய பழுது இல்லாமல் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு புது பஸ்ஸுக்கும் ஆரத்தி நான்தான் எடுக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. தட்டில், கரைத்த தண்ணீரோடு. மாமாவும் அத்தையும் ஒருமுறைகூடத் தவறாமல் வந்துவிடுவார்கள். நான் தட்டைச் சுற்றத் தொடங்கும்போது மாமா பின்னாலிருந்து, “பாத்தும்மா, மூடியைத் தெறந்துடாதே” என்பார். ஷெட்டே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார்.

நான் சுற்றி முடித்து, தண்ணீரைச் சக்கரத்தில் கொட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அன்றைக்கும் நான் திறக்கவில்லை.